மாண்டிஸ் இறால் தொட்டியில் என்ன கோளாறு? அறிகுறியிலிருந்து தொடங்குவோம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நம் வீடுகள் கொஞ்சம் உண்டு. அதில் மாண்டிஸ் இறால் வளர்ப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கேள்விகள் மட்டும் திரும்பத் திரும்ப அதேதான்: வெளியே வரமாட்டேங்குது, சாப்பிடமாட்டேங்குது, கண்ணாடியை அடிக்குது, கரண்ட் போய் வந்ததிலிருந்து சாய்ந்து கிடக்குது. ஜொகனஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருப்பவர்களுக்கு இவற்றோடு குளிரும் குழாய்த் தண்ணீரும் சேர்ந்து தொல்லை கொடுக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் சம்மட்டி வகைக்கு, அதாவது சம்மட்டி போன்ற கையால் இரையை அடித்து உடைக்கும் வகைக்கு, குறிப்பாகக் கடைகளில் கிடைக்கும் மயில் மாண்டிஸுக்கு (ஒடோன்டோடாக்டைலஸ் சில்லரஸ்). கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முதல் குவாம் வரை வாழும் இது 18 செ.மீ. வரை வளரும். பெயரில் இறால் இருந்தாலும் இது இறால் குடும்பம் இல்லை. ஸ்டொமட்டோபாட் என்ற தனி வரிசை. மீனும் இல்லை. மீனுக்குக் கொடுக்கிற மருந்துகளில் பல இதற்கு விஷம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பிராணியைத் தொடாமல் தண்ணீரைச் சோதியுங்கள். இருக்க வேண்டிய அளவுகள் இவை: வெப்பம் 24 முதல் 26 டிகிரி, உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு (அடர்த்தி 1.025, 1.026 பக்கம்), பிஹெச் 8.1 முதல் 8.4, அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0, நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே, காரத்தன்மை 8 முதல் 11 டிகேஹெச் (சோதனைக் கருவி காட்டும் காரத்தன்மை அலகு), கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். மயில் மாண்டிஸுக்குக் குறைந்தது 120 லிட்டர் தொட்டி வேண்டும். விரல் நீளமே இருக்கும் சிறிய இனங்களுக்கு 40 லிட்டர் போதும். தொட்டியை ஓடவிட்டு, கழிவை முறிக்கும் பாக்டீரியா வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் இறாலை விட்டவர்களுக்கு வரும் பாதிச் சிக்கல் அந்த அவசரத்தால்தான்.

## குகை வாயை அடைத்துக்கொண்டு வெளியே வரவில்லை

பெரும்பாலானவர்கள் பயந்துபோய்த் தப்பாகக் கைவைக்கும் இடம் இதுதான்.

தோல் உரிப்பதற்கு முன்னால் மாண்டிஸ் இறால் சாப்பாட்டை நிறுத்திவிடும். சில நாள் ஆகலாம், பெரியதாக இருந்தால் வாரக்கணக்கிலும் ஆகலாம். அப்புறம் கல், சிப்பி உடைசல், மணல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்துக் குகை வாயை அடைக்கும். உள்ளே ஓட்டைக் கழற்றிவிட்டு, புது ஓடு இறுகும்வரை அங்கேயே கிடக்கும். சின்ன இறால் அடிக்கடி உரிக்கும். முழு வளர்ச்சி அடைந்தது சில மாதத்துக்கு ஒருமுறை உரிக்கும். இது நோயே இல்லை. அடைப்பைப் பிரித்துப் பார்ப்பது, பாறையைத் தூக்குவது, டார்ச் அடிப்பது, குழாயை ஆட்டுவது எல்லாம்தான் ஆபத்து. அப்போது அதன் உடல் மெத்தென்று இருக்கும். ஒரு கல் சரிந்து விழுந்தாலே போதும், உயிர் போய்விடும்.

பீனிக்ஸில் இருந்து ஒரு தம்பி போன் செய்தான்: "அண்ணா, செத்துப்போச்சு. வாசல்ல உடம்பு கிடக்குது." தொடாமல் ஒரு படம் எடுத்து அனுப்பு என்றேன். படத்தில் கண்கள் கண்ணாடி மாதிரித் தெரிந்தன, உடம்பு வழியே பின்னால் இருந்த மணல் தெரிந்தது. உரித்துத் தள்ளிய சட்டைதான் அது. செத்த இறால் அப்படித் தெளிவாக இருக்காது. வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ கலங்கி, ஒரே நாளில் நாற்றம் அடிக்கும். தண்ணீரில் அம்மோனியா ஏறவில்லை, நாற்றமும் இல்லை என்றால் காத்திருங்கள். சந்தேகம் தீராவிட்டால் தினமும் அம்மோனியா மட்டும் பாருங்கள். திடீரென்று ஏறினால்தான் குகையைத் திறக்க நியாயம் உண்டு.

குழாய்க் குகை வைத்திருந்து, அதன் ஒரு பக்கம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இன்னும் வசதி. மாண்டிஸ் இறாலின் செவுள் வயிற்றுப் பக்கத் துடுப்புக் கால்களில் இருக்கிறது. அந்தக் கால்கள் அலை அலையாக அடித்துக்கொண்டிருந்தால் உயிர் இருக்கிறது, மூச்சு ஓடுகிறது. சிவப்பு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

உரித்து முடித்து வெளியே எட்டிப் பார்க்கும்போது கைகளை விரித்து மிரட்டினால் பலம் வந்துவிட்டது என்று நம்பி உயிருள்ள நண்டைப் போடாதீர்கள். 1983இல் ஸ்டெகர், கால்டுவெல் என்ற ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் எழுதியது இதைத்தான்: புதிதாகத் தோல் உரித்த மாண்டிஸ், அடிக்கவே முடியாத நிலையிலும் எதிரியை மிரட்டிப் பார்க்கும். வெறும் பாசாங்கு. முதல் சில நாள் தோல் நீக்கிய இறால் சதைத் துண்டு கொடுத்தால் போதும்.

ஓடு பாதியில் சிக்கிக்கொண்டால்? இடுக்கியால் இழுக்க வேண்டாம். காரத்தன்மை, கால்சியம், உப்பு மூன்றையும் சோதித்துக் குறைந்ததைச் சரிசெய்யுங்கள். காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். அயோடின் சொட்டு போடச் சொல்பவர்கள் உண்டு; நான் போடமாட்டேன். வாரம் 10 சதவீதம் நல்ல உப்பில் கரைத்த புதுத் தண்ணீர் மாற்றினால் தேவையான அளவு அதிலேயே வந்துவிடும். அளவு பார்க்க முடியாத ஒன்றைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

## வெளியே திரிகிறது, ஆனால் சாப்பிடவில்லை

குகை அடைக்காமல், சுறுசுறுப்பாகவும் இருந்துகொண்டு சாப்பாட்டை ஒதுக்கினால், பெரும்பாலும் வயிறு நிறைந்திருக்கிறது. வாரம் இரண்டு மூன்று வேளை போதும்; தினமும் ஊட்ட இது குழந்தை இல்லை.

புதிதாக வந்த இறால் என்றால் ஒரு வாரம் விடுங்கள். அதற்கு முதல் கவலை வீடு, சாப்பாடு இல்லை. உடம்பைவிடக் கொஞ்சம் அகலமான, இருட்டான, இரண்டு வாசல் உள்ள பிவிசி குழாய் கிடைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

என்ன கொடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். மீன் சந்தையில் வாங்கும் இறாலில் நிறம் மாறாமலிருக்க சல்ஃபைட் போட்டிருப்பார்கள். நன்றாகக் கழுவி, சிறிய துண்டாகக் கொடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் பாதி ஓட்டோடு வரும் மட்டி பெரும்பாலும் வேகவைத்தது. பச்சையாகக் கிடைப்பதைத் தேடுங்கள். நடுநடுவே ஓடு உள்ள நத்தையும் சின்ன நண்டும் வேண்டும். பிராணி அடித்து உடைக்கவே பிறந்தது. மெத்தென்ற சதையை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அது கண்ணாடி மேல் கவனத்தைத் திருப்பும்.

ஒரு எச்சரிக்கை: கரைப் பாறையில் இறங்கி மட்டி பறிக்கலாம் என்று நினைத்தால் அனுமதிச் சீட்டு வேண்டும். 1998ஆம் ஆண்டின் 18ஆம் எண் கடல் வாழ் வளச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம் அது. சொட்வானா விரிகுடா இருக்கும் ஐசிமங்கலிசோ பூங்கா உலகப் பாரம்பரியப் பகுதி. அங்கே இருந்து பாறை, பிராணி எதையும் எடுக்கும் பேச்சே வேண்டாம்.

## ஓட்டில் பழுப்புப் புள்ளி, கருத்த குழி

மயில் மாண்டிஸ் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை இது. ஓடு எதனால் ஆனதோ அந்தக் கைட்டின் என்ற பொருளைத் தின்னும் பாக்டீரியா வேலை. முதலில் வால் பக்கமோ முதுகுத் தகட்டிலோ மங்கலான திட்டு. அப்புறம் கருத்து, அரித்து, குழியாகும்.

எல்லோரும் முதலில் மருந்து தேடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மேலே தொங்கும் விளக்கை. இந்த இனம் இயல்பாக 10 முதல் 30 மீட்டர் ஆழத்தில் அதிகம் வாழும். அங்கே வெளிச்சம் மங்கல். பவளம் வளர்க்க வாங்கிய பலமான எல்இடியை இதன் தலைக்கு மேல் எரியவிட்டு, ஒளிந்துகொள்ள இருட்டுக் குகையும் இல்லை என்றால் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். விளக்கை மங்கலாக்குங்கள், பவளம் வேண்டும் என்றால் அதற்குத் தனித் தொட்டி வையுங்கள். இரண்டையும் ஒரே தொட்டியில் நடத்த நினைப்பவர்களுக்கு நான் சம்மதம் சொல்வதில்லை.

அடுத்து குகை. ஒரு வாசல் மட்டும் உள்ள குழாயில் தண்ணீர் தேங்கும், அழுக்கு சேரும். யு வடிவத்தில் வளைத்து, இரண்டு வாசலையும் மணலுக்கு மேலே விட்டு, ஒரு வாசல் பக்கம் மெல்லிய நீரோட்டம் படும்படி வையுங்கள். நைட்ரேட்டைக் கீழே கொண்டுவாருங்கள். அரிப்பு ஓட்டின் மேல் மட்டும் இருந்தால் அடுத்த உரிப்பில் சட்டையோடு கழன்றுவிடும். உள்ளே சதை வரை போயிருந்தால் உரிக்கும்போது அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, உரிப்பே முடியாமல் போகலாம். அதனால்தான் புள்ளியாக இருக்கும்போதே விளக்கைக் குறைக்கச் சொல்கிறேன்.

## கரண்ட் போய் வந்த பிறகு சாய்ந்து கிடக்கிறது

2022, 2023 ஆண்டுகளில் லோட் ஷெடிங் (பகுதி பகுதியாகக் கரண்டை நிறுத்துவது) ஆறாம் கட்டம் வரை போனதை யாரும் மறக்கவில்லை. இப்போது அந்த அளவு இல்லை என்றாலும், கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பு என்று பகுதிக்குப் பகுதி கரண்ட் போகத்தான் செய்கிறது.

இரண்டு மணி நேரம் போனால் ஆரோக்கியமான தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் கணக்கு மாறும். வெப்பமான தண்ணீர் குறைவான ஆக்சிஜனைத்தான் பிடித்துக்கொள்ளும்: கடல்நீரில் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம் என்றால், 30 டிகிரியில் சுமார் 6.2. டர்பன் பிப்ரவரி மதியத்தில் பம்பும் நின்றால் முதலில் திணறுவது குகைக்குள் இருக்கும் இறால்தான். துடுப்புக் கால்களை வேகமாக அடிக்கும், வாசலுக்கு வந்து நிற்கும், அப்புறம் சாயும்.

உடனே செய்ய வேண்டியது காற்று. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதுவும் இல்லையா? ஒரு சுத்தமான பிளாஸ்டிக் ஜக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் ஹீட்டரைச் சொருகாதீர்கள், பேட்டரியைக் குடித்துவிடும். நீரோட்ட பம்ப் மட்டும் போதும்.

பெரிய தவறு கரண்ட் வந்த பிறகு நடக்கிறது. மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் பல மணி நேரம் தண்ணீர் ஓடாமல் நின்றால், உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் முழுவதும் நேராகத் தொட்டிக்குள் பாயும். நீண்ட நேரம் நின்ற ஃபில்டரைத் திறந்து மோந்து பாருங்கள். முட்டை அழுகிய வாடை வந்தால், பஞ்சையும் கல்லையும் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு மாட்டுங்கள். அன்றும் மறுநாளும் அம்மோனியா பாருங்கள். ஏறியிருந்தால் 20, 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள்.

தொட்டிக்குக் கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) வைத்திருப்பவர்கள், பம்ப் நின்றதும் மேலிருந்து தண்ணீர் குழாய் வழியே திரும்பி வழிந்து தரையெல்லாம் கடலாவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே போகும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து உறிஞ்சுதல் நின்றுவிடும். கரண்ட் திரும்பும்போது வரும் மின்னேற்றத்துக்கு சர்ஜ் தடுப்பு உள்ள பிளக் பலகை வைப்பது மலிவான காப்பு.

லெனேசியாவில் குளிர்கால இரவில் பிரச்சினை தலைகீழ். அங்கே தொட்டியைச் சுற்றிப் போர்வை சுற்றுங்கள். மேல்பக்கம் மட்டும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும்.

## திடீரென்று துடிக்கிறது, புரண்டு விழுகிறது

சோதனைக் கருவியில் எல்லாம் சரியாகக் காட்டும். ஆனால் இறால் கால்களை ஒழுங்கில்லாமல் உதைக்கும், மல்லாந்து விழும். விஷம் பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

கடந்த ஒரு நாளில் வீட்டில் என்ன அடித்தீர்கள்? டர்பன் வீட்டில் கரப்பானுக்கும் கொசுவுக்கும் ஸ்ப்ரே அடிக்காத வாரம் கிடையாது. பூச்சியைக் கொல்லும் பைரெத்ராய்டு, ஓட்டுப் பிராணி எல்லாவற்றையும் கொல்லும். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். சாம்பிராணியும் ஊதுவத்தியும் பூஜை அறையில் இருக்கட்டும். தொட்டியும் பம்பும் அதே அறையில் வேண்டாம். ஃபீனால் வாடை அடிக்கும் திரவத்தில் தரை துடைத்த கையோடு தொட்டிக்குள் கைவிடவும் வேண்டாம்.

அடுத்த சந்தேகம் செம்பு. பித்தளைக் குடத்தில், செம்புச் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது நம் வீட்டில் சகஜம். பழைய வீடுகளில் கீசரிலிருந்து வரும் சுடுதண்ணீர்க் குழாயும் செம்புதான். குளிர்காலத்தில் உப்புக் கரைக்க அந்தச் சூடான தண்ணீரை எடுப்பவர்கள் உண்டு. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் கடையில் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் செம்புக் கலவை. இவை எதுவும் இந்தத் தொட்டி பக்கம் வரக்கூடாது. மருந்து போட்ட பழைய தொட்டியை வாங்கியிருந்தால் மணலையும் பாறையையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அவை செம்பைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கசியவிடும்.

சிகிச்சை: முன்பே கலந்து வைத்த, அதே உப்பும் வெப்பமும் உள்ள தண்ணீரில் பாதியை மாற்றுங்கள், ஃபில்டரில் புதுக் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) போடுங்கள், ஏர் பம்பை ஜன்னல் பக்கம் தள்ளுங்கள். கலந்து வைத்த உபரித் தண்ணீர் ஒரு டிரம் எப்போதும் இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

குழாய்த் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. ஜொகனஸ்பர்க் பகுதிக்கு ராண்ட் வாட்டர் தரும் தண்ணீரில் குளோரமின் இருக்கும். குளோரின் மாதிரி ஒரு ராத்திரி திறந்து வைத்தால் பறந்துபோகிற பொருள் இல்லை அது. ஆர்ஓ வடிகட்டி, அதற்குப் பின்னால் அயனி நீக்கும் பிசின், இரண்டுக்கும் முன்னால் கரி என்று வைத்து, டிடிஎஸ் மீட்டர் (கரைந்த உப்பை அளக்கும் கருவி) 0 காட்டும் தண்ணீரில்தான் உப்புக் கரைக்க வேண்டும்.

"கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கேயிருந்து மொண்டு வரலாமே" என்று கேட்பவர்களுக்கு: 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி, டர்பன் கடற்கரைகள் மூடப்பட்டதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின், உம்கெனி ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே, துறைமுகத்துக்கு அருகே எடுக்கும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நான் உப்புப் பாக்கெட்டுக்கே காசு கொடுக்கிறேன்.

## கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருக்கிறது

பேடெக், கார்ஃப், கால்டுவெல் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2004இல் நேச்சர் இதழில் எழுதிய அளவுப்படி மயில் மாண்டிஸின் அடி விநாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போகும். அடித்த இடத்தில் தண்ணீரில் குமிழி உண்டாகி, அது வெடிக்கும்போது இன்னொரு அடியும் விழும். 1998இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் காட்சிசாலையில் டைசன் என்று பெயர் வைத்த ஒன்று தொட்டிக் கண்ணாடியை உடைத்தது செய்தியானது. ஆனாலும் வீட்டுத் தொட்டி உடைவது அரிது; பயந்து தூக்கம் கெடுக்க வேண்டாம்.

ஒரே இடத்தில் அடித்தால் அங்கே தன் பிம்பத்தைப் பார்க்கிறது. வெளிப்பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். தரையை அடித்தால் குகையைப் பெரிதாக்கப் பார்க்கிறது. பெரிய குழாய் கொடுங்கள். மணலுக்கு அடியில் ஒரு அக்ரிலிக் தகடு போடுவது தொட்டி வைக்கும் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை. ஹீட்டரையும் வெப்பமானியையும் சம்புக்குள் வையுங்கள். தொட்டிக்குள் தொங்கும் கண்ணாடி ஹீட்டர் என்றைக்காவது ஒருநாள் அடி வாங்கும். அப்போது தண்ணீரில் மின்சாரம் இருக்கும்.

புதிதாகக் கீறலோ வெடிப்போ தெரிந்தால், விரலால் தடவிப் பார்க்காமல் நீர்மட்டத்தைப் பாதியாக இறக்குங்கள்.

## கையில் உள்ள சம்மட்டி காணவில்லை

சண்டையிலோ உரிப்பிலோ கழன்றிருக்கும். மறுபடி வளரும், ஆனால் முழு அளவுக்கு வர ஒன்றுக்கு மேற்பட்ட உரிப்பு ஆகும். அதுவரை வெட்டிய சதையை நீளமான இடுக்கியில் நீட்டுங்கள்.

## மாண்டிஸே வாங்கவில்லை, ஆனால் ராத்திரியில் டிக் டிக் சத்தம்

உயிர்ப் பாறையோடு (கடல் உயிர்கள் ஒட்டியிருக்கும் பாறை) வந்த விருந்தாளி. சத்தம் மட்டும் கேட்டு, எதுவும் காணாமல் போகவில்லை என்றால் பெரும்பாலும் கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் போடும் பிஸ்டல் இறால், அது பரவாயில்லை. நத்தை ஓடுகள் உடைந்து கிடந்தால், மீன் ஒவ்வொன்றாகக் குறைந்தால், அது மாண்டிஸ். விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சில் எந்தத் துளையிலிருந்து தண்டின் மேல் உட்கார்ந்த இரண்டு கண்கள் சுழன்று பார்க்கின்றன என்று குறித்துவையுங்கள். அந்தப் பாறையை மட்டும் தூக்கி, காலி வாளிக்கு மேல் பிடித்து, துளைக்குள் சோடா நீர் ஊற்றினால் வெளியே விழும். உடனே கடல்நீருக்கு மாற்றினால் பிழைக்கும். சின்னத் தொட்டி ஒன்று வைத்து வளர்க்கலாம். வேண்டாம் என்றால் தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் கொடுங்கள். எங்கிருந்து வந்த இனம் என்று தெரியாததை டர்பன் கடலில் விடக்கூடாது.

பாறையைத் தூக்கும் கையில் தடித்த கையுறை அவசியம். அடியோ வால் முள்ளோ பட்டு ரத்தம் வந்தால், நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். வீங்கினாலோ சிவந்து பரவினாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்; கடல்நீர்த் தொட்டியில் பட்ட காயம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கொடுக்கும் மருந்து அதைப் பொறுத்து மாறலாம்.